ஆறு மில்லிமீட்டர்

“இந்தச் சக்கரம் உங்க அண்ணன் சைக்கிள்ல பொருந்துமா, தம்பி?”

புத்தம்புதிய பின்சக்கரம் ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் கேட்டாள். சைக்கிள் கடை மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை; அவனோடு மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் கூட்டாளி, அவளுடைய கணவர். மூன்று மாதம் முன்பு பாறையில் மோதியதில் அவர் தோள் எலும்பு முறிந்தது, வண்டியின் பின்சக்கரமும் நெளிந்தது. ‘இனி மலைப்பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்’ என்று மனைவியிடம் சத்தியம் செய்தவர், போன வாரம் கமுக்கமாகப் புது மலை சைக்கிள் வாங்கி இதே கடையின் பின்னறையில் ஒளித்து வைத்திருந்தார்.

“எங்கே இருந்தது, அண்ணி?”

“கட்டிலுக்கு அடியில. பொருந்துமா, சொல்லுங்க.”

புது வண்டிக்கு உபரிச் சக்கரம் வேறா? எனக்கே சொல்லவில்லையே மனுஷன் என்று நினைத்தவன், புது வண்டி விஷயம் வெளியே வராமலிருக்கப் பழைய வண்டிமேல் பழியைப் போட்டான்.

“தாராளமாப் பொருந்தும். பழைய வண்டிக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே!”

அவள் முகம் வாடிவிட்டது. “அப்போ மாட்டிக் காட்டுங்க. வண்டியைக் கார்ல கொண்டுவந்திருக்கேன்.”

வசமாகச் சிக்கினான். நெளிந்ததைக் கழற்றிப் புதியதை நுழைத்தான். சட்டத்தின் இரண்டு கால்களுக்கு நடுவே அது இடித்துக்கொண்டு நின்றது.

“நுழையலையே?”

“நடு அச்சோட அகலம் இடிக்குது, அண்ணி. இந்த வண்டிக்கு நூத்தி நாப்பத்திரண்டு மில்லிமீட்டர். இது இப்போ வர்ற புது அளவு, நூத்தி நாப்பத்தெட்டு.”

“ஆறு மில்லிமீட்டர்தானே? ரெண்டு தட்டு தட்டினா?”

“ஃபிரேம் விரிசல் விட்டுடும்.”

“ஏன்தான் இப்படி அளவை மாத்திக்கிட்டே இருக்காங்களோ!”

“அகலம் கூடினா சக்கரம் ஆடாம நிக்குமாம். வாங்கறவன்தான் ஆடிப்போறான்.”

அவள் சிரிக்கவில்லை. குனிந்து அந்த இடைவெளியை விரலால் அளந்து பார்த்தாள்.

“யார் மாட்டினாலும் மாட்டாது? நிச்சயமாவா?”

“சத்தியமா மாட்டாது.”

“அப்புறம் ஏன் முதல்ல பொருந்தும்னு சொன்னீங்க?”

இனி மறைத்துப் பயனில்லை.

“மன்னிச்சிடுங்க, அண்ணி! அண்ணனைக் காப்பாத்தத்தான் பொய் சொன்னேன். அவர் புதுசா வாங்கின மலை சைக்கிள் பின்னறையில இருக்கு. இந்தச் சக்கரமும் அதுக்கு வாங்கினதுதான்.”

அவள் பின்னறைக் கதவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அவரும் வாங்கிட்டாரா?” சக்கரத்தை வெடுக்கென்று எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். “இது நான் ரகசியமா வாங்கின மலை சைக்கிளோடது, தம்பி! நான்தான் கழட்டிக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். அவர் கண்ணுல பட்டா பழைய வண்டில மாட்டிக்கிட்டு மலைக்குக் கிளம்பிடுவாரேன்னுதானே ஓடி வந்து கேட்டேன்!”