கைராசி

“இது பாக்டீரியா ஆராய்ச்சி, ரத்னா. செய்யூர்ல வேர்க்கடலை பறிக்கிற வேலை இல்ல!”

சொல்லிவிட்டுப் பேராசிரியர் சிவப்பிரகாசம் தாமே சிரித்துக்கொண்டார். செங்கல்பட்டில் அந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவர் சிரித்தால் எல்லோரும் சிரித்தாக வேண்டும். ரத்னா சிரிக்கவில்லை.

“எத்தினி தபா செஞ்சாலும் நாப்பத்திமூணு டிகிரியில உங்க பாக்டீரியா வளந்துகினுதான் கீது சார்.”

வம்பே அங்கேதான். சூடு ஏறினால் பாக்டீரியாவின் புரதங்கள் உருக்குலையும். அவற்றைத் தாங்கிப் பிடித்துச் சீராக்குவது சாப்பரோன் என்ற உதவிப் புரதம். அந்தச் சாப்பரோன் பழுதான பாக்டீரியாவைத் தாமே உருவாக்கியதாகச் சொல்லித்தான் சிவப்பிரகாசம் தொண்ணூற்றாறில் பொன்னாடையும் பதவி உயர்வும் வாங்கினார். அறை வெப்பத்தில் அது மற்றவை போலவே செழிக்குமாம். நாற்பத்துமூன்று டிகிரியில் வளர்ப்புத் தட்டில் ஒரு புள்ளிகூட முளைக்காதாம்.

“முளைக்கலன்னு எழுதிக் கொண்டா. அப்பதான் உன் பிஎச்.டி.க்குக் கையெழுத்து. இல்லேன்னா கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போய்ச் சேரு.”

நாலு வருட உழைப்பை அப்படி விட்டுவிட ரத்னா தயாராக இல்லை. “நீங்களே ஒரு தபா செஞ்சு காட்டுங்க சார்.”

“தாராளமா! நாளைக்குக் கல்பாக்கத்துலேருந்து வசுமதி மேடம் உன் ஆய்வைப் பார்க்க வர்றாங்க இல்ல? அவங்க முன்னாடியே காட்டறேன்.”

மாலையில் எல்லோரையும் வெளியே விரட்டிவிட்டு, நல்ல பாக்டீரியாவுக்கு ஒன்று, பழுதானதற்கு ஒன்று என இரண்டு தட்டுகளைத் தம் கையாலேயே தயாரித்தார். நாற்பத்துமூன்று டிகிரிக்குத் திருப்பிய இன்குபேட்டர் சூட்டுப்பெட்டியில் அவற்றை வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

காலையில் தட்டுகளை எடுத்து வசுமதியிடம் நீட்டினார். முதல் தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். இரண்டாவது கழுவி வைத்த மாதிரி சுத்தம்.

“பார்த்தீங்களா மேடம்? இதுக்கெல்லாம் கைராசி வேணும்.”

வசுமதி ரத்னாவைப் பரிதாபமாகப் பார்த்தார். “நீ என்னம்மா சொல்றே?”

“நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் மேடம். சார் தட்டு வைக்கிறதுக்கு முன்னாடியே ஹீட்டர் ஒயரைக் கழட்டி வுட்டுட்டேன். விளக்கு மட்டும்தான் எரிஞ்சுது. ராத்திரி பூரா பெட்டியில வெறும் ரூம் சூடுதான். அப்ப ரெண்டு தட்டுலயுமே வளந்திருக்கணுமே?”