இரண்டாவது சில்லு

அண்ணனின் நுரையீரலிலிருந்து கிள்ளியெடுத்த துளிச் சதையில் செல்கள் நசுங்கிப் போயிருந்தன. புற்று என்பது தெரிந்தது. எந்த வகை என்பதுதான் தெரியவில்லை. நோய்க்குறியியல் மருத்துவரான செண்பகவல்லி, வகையறிந்து ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் சாயங்களை ஏற்றச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

நுண்ணோக்கியின் கீழ் வைத்த முதல் கண்ணாடிச் சில்லில் செல்கள் பழுப்பேறியிருந்தன. மாத்திரையால் அடக்க வாய்ப்புள்ள வகை அப்படித்தான் நிறம் பிடிக்கும். வெறிகொண்டு பரவும் வகையும் பிடிப்பதுண்டு. அடுத்த சில்லையும் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் வெளியே பெஞ்சில் இருமிக்கொண்டிருந்த அண்ணனைக் கண்டதும் மனம் கேட்கவில்லை.

“நல்ல வகையாத்தான் தெரியுதுண்ணே. மாத்திரை இருக்கு.”

அருணகிரி தங்கையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு இரண்டாவது சில்லு வந்தது. வெறிகொண்டு பரவும் வகையில் ஒட்டும் சாயம் ஏற்றியது; நல்ல வகையென்றால் அது நிறமேறாமல் இருக்க வேண்டும். வல்லி குனிந்து பார்த்தாள். ஒரு செல் விடாமல் பழுப்பு. வேறு யாருடையதோ மாறி வந்துவிட்டது என்று எடுத்து எண்ணைப் பார்த்தாள். அண்ணனுடையதுதான்.

கதவுக்கு வெளியே அவர் மனைவியோடு போனில் பேசுவது கேட்டது.

“அழாத. வல்லியே பாத்துச் சொல்லிட்டா. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிடு, நம்ம புள்ள கல்யாணத்தத் தையிலயே வச்சிடலாம்.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் ஓயட்டும் என்று கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி வல்லி நின்றாள். அது ஓயவில்லை.