ஒரு கட்டை தள்ளி

வேங்கடபதி மிதித்துக்கொண்டிருந்தார்.

தையல் மெஷின் மிதிப்பதுபோலத்தான். ஆனால் கண்களை மூடி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து.

அவருக்கும் பியானோவுக்கும் நடுவே அந்தப் பெட்டி நின்றது. அவர் மிதிக்க மிதிக்க, துளையிட்ட காகிதச் சுருள் உள்ளே உருண்டது. துளை வரும்போதெல்லாம் பெட்டியின் பின்புறமிருந்து ஒரு மரவிரல் இறங்கி, பியானோவின் கட்டையை அமுக்கியது.

அவருடைய விரல்களுக்கு வேலை இல்லை. தொடையில் தாளம் போட்டன. அதையும் தப்பாகப் போட்டன.

அவர் மனைவி ஓரமாக நின்றாள். பியானோ அவளுடையது. கல்யாணத்தின்போது அப்பா கொடுத்தது. சத்தம் தலைவலி தருகிறது என்று சொல்லி, வந்த வருஷமே வேங்கடபதி அதை மூடச் செய்தார். பிறகு அதன்மேல் அவருடைய கோப்பைகள் ஏறின. ரோட்டரி, கோல்ஃப், மில் ஓனர்ஸ் அசோசியேஷன்.

இன்று சபாக்காரர்கள் கேட்க வந்திருந்தார்கள். பிடித்துவிட்டால் பெட்டி அவர்களுடைய புது ஹாலுக்குப் போகும். வாசலில் வேங்கடபதியின் பெயரில் கல்வெட்டு வரும்.

பெட்டிக்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. எனவே பியானோவும் போகும்.

அவளை யாரும் கேட்கவில்லை.

காலையில் மில் ஆட்கள் பெட்டியைத் தள்ளி வந்து பொருத்தியபோதே அவள் பார்த்துவிட்டாள்.

“ஏனுங்க, ஒரு கட்டை தள்ளி நிக்குதுங்க.”

“லண்டன் ஏலத்துல எடுத்த மெஷினு. அதுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்?”

அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள். அவர் மானம் போகட்டும். பியானோ தங்கும்.

இப்போது ஒவ்வொரு மரவிரலும் தன் கட்டையை விட்டுவிட்டுப் பக்கத்து வெள்ளைக் கட்டையை அமுக்கியது. கான்வென்டில் சிஸ்டர் அவளுக்கு முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்த பாட்டு அது. வெள்ளைக் கட்டைகளைத் தாண்டாத, குதித்துக்கொண்டு ஓடுகிற பாட்டு. இங்கே அது எழவு வீட்டுக்குள் நுழைந்ததுபோல நடந்தது.

அவள் முகங்களைப் பார்த்தாள். இதோ, யாராவது நெளிவார்கள்.

சபா செயலாளர் சேஷாத்ரியின் கண்கள் கலங்கியிருந்தன.

“அடடா! வெள்ளைக்காரன் மெஷின்ல கரகரப்ரியா! காதுல விழறதா உங்களுக்கெல்லாம்?”

எல்லோர் காதிலும் உடனே விழுந்தது.

“அண்ணனுக்குக் காலுலயே ஞானமுங்க,” என்றார் ஒரு மில் அதிபர்.

வேங்கடபதி அடக்கமாகத் தலை குனிந்தார். பாதத்தைப் பார்த்துக்கொண்டார்.

“நாளைக்கே லாரி அனுப்பறேன்,” என்றார் சேஷாத்ரி. “இன்னொரு தரம் வாசியுங்கோ. ரெக்கார்ட் பண்ணிக் கமிட்டிக்குப் போடணும்.”

அதற்கு முன்பு பொன்னாடை. சபாக்காரர்கள் பொன்னாடை இல்லாமல் எந்த வீட்டுக்கும் போவதில்லை. போட்டோக்காரர் எல்லோரையும் ஜன்னல் பக்கம் திருப்பினார். வேங்கடபதியை நடுவில் நிறுத்தினார்.

“அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க. ஃபிரேம்ல வர்றீங்க.”

அவள் தள்ளிக்கொண்டாள்.

முதுகுகள் வரிசையாக நின்றன. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் பெட்டியைச் சக்கரத்தோடு முன்னால் இழுத்தாள். ஒரு கட்டை நகர்த்தினாள். திரும்பவும் பொருத்தினாள். மரவிரல்கள் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன.

வேங்கடபதி பொன்னாடையோடு வந்து மிதித்தார். கண்களை மூடினார்.

பாட்டு குதித்துக்கொண்டு ஓடியது. ஒரு பிசகும் இல்லாமல்.

சேஷாத்ரி போனைத் தாழ்த்தினார். மில் அதிபர் அவர் முகத்தைப் பார்த்து, தன் முகத்தையும் சுளித்துக்கொண்டார்.

“என்ன இது, கல்யாண பேண்டு செட்டு மாதிரி? எங்கேயோ தப்பறதே,” என்றார் சேஷாத்ரி.

வேங்கடபதி இன்னும் வேகமாக மிதித்தார். பாட்டு இன்னும் சந்தோஷமாக ஓடியது.

“ஐயோ, நிறுத்துங்கோ. உள்ளே ஏதோ கெட்டுப்போயிடுத்து. லாரி இப்போ வேண்டாம். சரி பண்ணிண்டு சொல்லுங்கோ, பார்க்கலாம்.”

காபிகூடக் குடிக்காமல் புறப்பட்டார்கள்.

வேங்கடபதி பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பொன்னாடை நழுவிக் காலடியில் விழுந்தது.

“நீ எதையாச்சும் தொட்டியா?”

“மெஷினுக்குத் தெரியாததுங்களா எனக்குத் தெரியப்போகுது?”

வராந்தாவில், வந்தவர்கள் உட்கார்ந்து செருப்புக் கழற்றப் போட்டிருந்த பியானோ ஸ்டூல் கிடந்தது.

அவள் ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அங்கே போனாள்.