நாலு லைட்டும் மின்னுச்சு

ஷெட்டின் கதவை உள்ளே தாழிட்ட பிறகுதான் அவன் சாவியைத் திருப்பினான். அக்காவின் பைக் அது. முந்தாநாள் விபத்தில் கைப்பிடி கோணி, முன்விளக்கின் கண்ணாடி நொறுங்கிப்போயிருந்தது. ஆனால் போன வாரம் அவன் தன் கையால் மாட்டிய எல்.இ.டி. இண்டிகேட்டர்களில் ஒரு கீறல்கூட இல்லை.

வலது பக்கத்துக்கு சுவிட்சைத் தள்ளினான். வலது பக்கம் மின்னியது. கூடவே இடது பக்கமும் மின்னியது.

அணைத்துவிட்டு இடது பக்கம் தள்ளிப் பார்த்தான். அதே கதைதான்.

அப்படியானால் அக்காவை இடித்த வேன் டிரைவர் காலையில் சொன்னது பொய் இல்லை.

வேனுக்குச் சொந்தக்காரரான பேக்கரி முதலாளி அந்த டிரைவரை வீட்டுக்கே கூட்டி வந்திருந்தார். காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்த அக்காவின் முன்னால் டிரைவர் தலை நிமிரவே இல்லை.

"திரும்பறதுக்கு சிக்னல் போட்டுட்டுத்தானே போனேன்? பின்னால வந்து இடிச்சா என்ன அர்த்தம்?" என்றாள் அக்கா.

"நாலு லைட்டும் மின்னுச்சும்மா. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு, எல்லாம் சேந்து. வண்டிய ஓரமா நிறுத்தப் போறீங்கன்னு நெனச்சுத் தாண்டப் பாத்தேன்."

"நாலும் மின்ன என் வண்டி என்ன ஆம்புலன்ஸா? அப்படி ஒரு சுவிட்சே அதுல கிடையாது. வேணும்னா இவனைக் கேளுங்க. எங்க வீட்டு இன்ஜினியர். லைட்டு மாட்டினதே இவன்தான்."

முதலாளி அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

"இடிச்சதும் இல்லாம பொய் வேறயா? சாயங்காலம் சாவியை வச்சிட்டுக் கிளம்பு. இனிமே இந்த ஊர்ல எவனும் உனக்கு வண்டி குடுக்காம நான் பாத்துக்கறேன்." முதலாளியின் குரல் சமையலறைவரை கேட்டது.

அவன் மாலை வகுப்பில் எலக்ட்ரிகல் படிக்கிறான். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்று பெயர். மாட்டிய அன்று புது விளக்குகள் முதலில் படபடவென்று அடித்துக்கொண்டன. விளக்குகளை மின்னவைக்கும் ரிலேயை மாற்றி வேகத்தைச் சரிசெய்தான். இடது பக்கம் குத்துக்காலிட்டு இடது விளக்கையே பார்த்தான், பிறகு வலது பக்கம் போய் வலது விளக்கையே பார்த்தான். தள்ளி நின்று இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

அந்த பைக்கின் மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு குட்டி பல்ப். அதன் வழியே ஒரு பக்கத்து மின்சாரம் மறுபக்கத்துக்குக் கொஞ்சம் கசியும். பழைய பல்புகள் அந்தக் கசிவுக்கெல்லாம் அசையாது. எல்.இ.டி.க்கு அதுவே தாராளம். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் இரண்டு டயோடுகளை நடுவில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

டயோடுகள் சட்டைப்பையில் இருந்தன. சால்டரிங் அயர்ன் சூடேறிக்கொண்டிருந்தது. பற்றவைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

"டேய் இன்ஜினியரு!" வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல். "இந்தத் தலைகாணியை நிமித்தி வச்சிட்டுப் போடா. காலையிலேர்ந்து ஏன் என் பக்கமே வரமாட்டேங்கறே?"

அவன் போனான். தலையணையை நிமிர்த்தி வைத்தான்.

"ஒண்ணு சொல்லட்டுமா? உன் லைட்டு பளிச்னு எரிஞ்சதாலதான் இதோட போச்சு. இல்லேன்னா அந்தாளு என் மேலயே ஏத்தியிருப்பான்."

அவன் ஷெட்டுக்குத் திரும்பினான். சால்டரிங் அயர்னின் பிளக்கைப் பிடுங்கினான். அப்படியே மறுபடியும் உள்ளே வந்தான்.

"அக்கா, அந்த ஆள் சொன்னது நெசம். நாலும்தான் மின்னுது. நான்தான் தப்பா மாட்டிட்டேன்."

அக்கா அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்காமல் அவன் மாவுக்கட்டைப் பார்த்தான். அதை இன்னும் தாங்க முடியவில்லை.

"ஆக, என் காலை ஒடிச்சது நீதான்."

"ஆமாக்கா."

"ஆமாவாம். துரை சொல்றார்." அவள் நீளமாக மூச்சு விட்டாள். "என் கால் எப்படியும் சேந்துக்கும்டா. அந்த மனுஷன் பொழப்பு? இங்க நின்னு மூக்கை உறிஞ்சாம ஓடு. அவர் சாவியைக் குடுக்கறதுக்குள்ள முதலாளிகிட்ட போய்ச் சொல்லு."

வேன் பேக்கரியின் பின்வாசலில் நின்றது. டிரைவர் தன் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார். துண்டு, சீப்பு, தண்ணீர் பாட்டில். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்த போன் ஸ்டாண்டைத் திருகிக் கழற்றினார்.

அவன் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். "நீங்க பொய் சொல்லலண்ணே. தப்பு பூரா என்னோடது. வாங்க, முதலாளிகிட்ட நானே சொல்றேன். கேஸுன்னு வந்தாலும் என் மேல வரட்டும்."

டிரைவர் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார். போன் ஸ்டாண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, எழுந்திரிங்க. முதலாளி கிளம்பிடப் போறாரு."

"அக்காவுக்கு வலி ரொம்ப இருக்கா?"

"தூங்கறதே இல்லண்ணே. அதை விடுங்க, வாங்க." அவன் அவருடைய கையைப் பிடித்து இழுத்தான்.

அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

"அந்த லைட்டை நான் பாத்ததே, உங்க அக்கா கீழ விழுந்தப்புறம்தான் தம்பி."