நெல்டாவின் சனிக்கிழமைகள்

"நான் ஒருத்தன்தானா? மத்தவங்க யாரும் வரலையா?"

"ஜூலைன்னா குளிர்காலம், மழை வேற ஐயா. எல்லாரும் அடுப்போரமா உக்காந்திருப்பாங்க" என்றாள் வழிகாட்டி யஸ்னா. "நீங்க வந்திருக்கீங்களே, அது போதும். வாங்க, நடக்கலாம்."

வால்திவியா நகரத்தை ஒட்டிய அந்தச் சதுப்பு நிலத்தில் பலகைப் பாதை வழுக்கியது. பெரியவர் ரெமிகியோ கைப்பிடியை விடாமல் நடந்தார். தூரத்தில் கறுங்கழுத்து அன்னங்கள் இரண்டு தண்ணீரில் தலையை முக்கி மேய்ந்துகொண்டிருந்தன. பழுப்பேறிய கோரைகளுக்கு அருகில் நின்று, அவர் கைபேசியில் ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

"என் சம்சாரம் நெல்டா. போன ரெண்டு குளிர்காலமும் சனிக்கிழமை தவறாம உங்ககூட இங்க நடக்க வந்தாளே. கன்னம் செவந்து, பாட்டை முனகிக்கிட்டே வீட்டுக்கு வருவா. மே மாசம் போய்ச் சேந்துட்டா. ஞாபகம் இருக்கா மகளே?"

யஸ்னா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தின் மேல் விழுந்த மழைத்துளியை விரலால் துடைத்தாள்.

"மறக்க முடியுமா? கேள்வி கேட்டே என்னைத் திணறடிச்சிடுவாங்க."

"அவளேதான்!" பெரியவர் சிரித்தார். "'நீயும் வா'ன்னு அவ கூப்பிட்டதில்ல. 'நானும் வரேன்'னு நான் சொன்னதில்ல. டிவியில ஃபுட்பால் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்." குரல் இறங்கியது. "என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாளா?"

தண்ணீருக்குள் வேரூன்றி நின்ற தெமு மரத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, அவர் உள்ளங்கையில் வைத்தாள் யஸ்னா.

"மோந்து பாருங்க. 'இந்த வாசனையை எங்க வீட்டுக் கிழவருக்குக் காட்டணும்'னு வரும்போதெல்லாம் சொல்லுவாங்க."

அவர் கையை முகத்தோடு சேர்த்துப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். யஸ்னா அன்னங்களைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

நடை முடிந்து வழிகாட்டியின் குடிலுக்குத் திரும்பியதும் கேட்டார். "வந்தவங்க பேர் எழுதற நோட்டு இருக்குமே? அவ கையெழுத்தை ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

"பழைய நோட்டெல்லாம் ஆபீசுக்குப் போயிருச்சு ஐயா."

"பரவாயில்ல. அடுத்த சனிக்கிழமையும் வரலாமா?"

"கட்டாயம் வாங்க. காத்திருப்பேன்."

பேருந்து அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகே யஸ்னா மேசை இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தாள். சனிக்கிழமை நடை தொடங்கிய அன்று அவள் கோடு போட்டு வைத்த முதல் பக்கத்தில், முதல் வரியில், ரெமிகியோவின் பெயரை எழுதினாள். மூன்று குளிர்காலங்களில் அந்த நடைக்கு வந்த முதல் ஆள் அவர்தான்.