பழைய எண்ணெய்

காற்று கெடக்கூடாதென்று பெட்ரோலை ஒழித்துவிட்ட அந்தத் தேசத்தில், பந்தயக் கார்கள் பொதுச் சமையற்கூடத்தில் பொரித்து மிஞ்சிய எண்ணெயில்தான் ஓடின. பந்தயக்காரி வெண்மணியின் தலைமுடியில்கூட அந்த எண்ணெய்ச் சிக்கு வாடை ஊறிப்போயிருந்தது. அதையும் பெருமையாகவே சுமந்தாள். இறுதிப் போட்டியன்று எண்ணெய் வாங்கப் போனவள், கூடத்தின் பின்புறக் குழியில் வடைகள் மலையாகக் குவிந்து, ஈ மொய்த்து, ஊசிப்போய் நாறுவதைக் கண்டாள். உள்ளே இன்னும் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் சாப்பிடலையா தோழர்?"

"சாப்பிடவா சுடுறோம்?" சமையல்காரர் ஆவி பறக்கும் அடுத்த கூடையைக் குழியில் கவிழ்த்தார். "உங்க பந்தயத்துக்கு எண்ணெய் பழசாக வேண்டாமா?"

மைதானத்து ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்லி அழைத்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கேனை நீட்டினாள்.