சுத்தத் தண்ணீர்த் தொட்டி

"செத்தாலாச்சும் ஒரு முடிவு தெரியும்மா. வளரவே மாட்டேங்குதுக!"

அன்புக்கரசி பையைக் கட்டிலில் வீசினாள். தூத்துக்குடியில் பஸ் ஏறி, நாகல் நகர் வீடு வந்து சேர்வதற்குள் அழுது தீர்த்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. லூர்தம்மாள் ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்த சேலையை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

"எதுடி, அந்த ஜெல்லி மீனா?"

"அதோட குஞ்சுங்க."

வேளாங்கண்ணிக் கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒன்றைத் தெரியாமல் மிதித்துவிட்டு, ஊர் வந்து சேரும்வரை காலைச் சொறிந்தவள் லூர்தம்மாள். அந்தச் சனியனுக்குக் குஞ்சு வேறு உண்டு, அதை வளர்ப்பதற்கு ஒரு படிப்பும் உண்டு என்பதை அவள் இன்னும் முழுசாக நம்பவில்லை.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

"ரெண்டு தொட்டிம்மா. ஒண்ணுல பிளாஸ்டிக்க மாவா அரைச்சுக் கலந்திருக்கேன். இன்னொண்ணு சுத்தத் தண்ணி. சுத்தத் தண்ணியில இருக்கிறதுக வளரணும், பிளாஸ்டிக்குல இருக்கிறதுக சுருங்கணும். ரெண்டுமே சுருங்குது! 'அப்ப பிளாஸ்டிக்கால தனியா ஒரு கெடுதலும் இல்லேன்னு எழுதி முடி'ன்னுட்டாரு எங்க கைடு சாரு. திங்கக்கெழம ஆராய்ச்சிய எழுதிக் குடுக்கணும். மூணு வருசம்மா!"

லூர்தம்மாள் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். மகள் மடமடவென்று குடித்தாள்.

"நம்ம வீட்டுத் தண்ணி ருசி எங்கயும் வராதும்மா."

"வராதுல்ல?" லூர்தம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "தொண்ணூத்தி மூணுல வாரத்துக்கு ஒருநா தண்ணி விடுவான், ஞாபகம் இருக்கா? யூனிஃபார்மோட கொடத்துக்குக் காவல் நிப்பே."

"நீ கொழாயில துணியக் கட்டி, நிதானமாப் பிடிப்பே. 'லூர்தக்கா, மந்திரிச்சா பிடிக்கிறீங்க'ன்னு லைன்ல கத்துவாங்க."

"கத்தட்டுமே. அந்த வருசம் தெருவே பேதியில படுத்துச்சு. ஒனக்கு ஒரு தும்மல் வந்துச்சா?"

அந்தத் துணி சாதாரணத் துணி இல்லை. மகளின் ஞானஸ்நானத்துக்கு ஆசை ஆசையாக எடுத்த நைலக்ஸ் என்கிற நைலான் சேலை. நைந்துபோன பிறகும் தூக்கிப்போட மனமில்லாமல், கிழித்து நான்காக மடித்துக் குழாயில் கட்டினாள். இன்றும் அடுப்படிக் குழாயில் அதுதான்.

"ஹாஸ்டலுக்குப் போறப்ப ஒரு துண்டு குடுத்தியே. லேப்லயும் அதாம்மா."

"இன்னுமாடி வச்சிருக்கே?"

"பின்னே? அங்க மெஷினு வடிகட்டித்தான் குடுக்கும். எனக்கு மனசு கேக்காது. சுத்தத் தண்ணித் தொட்டிக்கு மட்டும் நம்ம துணியில இன்னொருக்கா வடிச்சுத்தான் ஊத்துவேன்."

லூர்தம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளை எவ்வளவு படித்தால் என்ன, அம்மா சொல்லிக்கொடுத்ததை விடவில்லையே!

"எங்க, அந்தப் புள்ளைகளக் காட்டு பாப்போம்."

மகள் போட்டோக்களை நீட்டினாள். லூர்தம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கண்ணாடிப் பூ மாதிரி, ஒவ்வொன்றும் அத்தனை அழகு.

"இது எந்தத் தொட்டி?"

"சுத்தத் தண்ணி."

"வயித்துக்குள்ள நூலு கெடக்கேடி."

"லென்ஸ்ல தூசும்மா."

"எல்லாப் படத்துலயுமா?"

முப்பது வருடம் ஊசியில் நூல் கோத்த கண் அது. லூர்தம்மாள் அடுப்படிக்குப் போய், குழாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வந்து போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தாள். படத்தில் இருந்த நூலும் துணியும் ஒரே கத்திரிப்பூ நிறம்.

அன்புக்கரசி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"நைலானும் பிளாஸ்டிக்தானேம்மா! சுத்தத் தொட்டியிலயும் பிளாஸ்டிக்கத்தான் தின்னுருக்குதுக! அதான் வளரல! ஐயோ, எம் மூணு வருசம் பொழச்சுச்சும்மா! போன எடு, சாருகிட்டச் சொல்றேன்!"

லூர்தம்மாள் நகரவில்லை. மகள் குடித்துவிட்டு வைத்த காலிச் சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இத்தன வருசமா ஒனக்கு நான் என்னத்தடி வடிச்சுக் குடுத்தேன்?"